பழைய மோட்டாருக்குப் புதுக் கறுப்பு

மனிதனுக்கு வயதாகிவிட்டது என்பதைத் தலைமயிர் சொல்லும்; மோட்டார் வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதைப் பம்பர் சொல்லும். எஞ்சின் நன்றாய் ஓடலாம்; மெத்தை கிழியாமல் இருக்கலாம்; கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொள்ளலாம். ஆனால் வெள்ளியைப்போல் மின்னிக்கொண்டிருந்த பம்பர் முலாம் மங்கி, அதில் அம்மைத் தழும்பு மாதிரி செந்துருப் புள்ளிகள் தோன்ற ஆரம்பித்தால் போதும். "ஐயோ பாவம், வண்டி பழசாகிவிட்டதே!" என்று தெருவில் போகிறவர்களெல்லாம் அனுதாபம் தெரிவிக்கத் தொடங்கிவிடுவார்கள். நரைத்த தலைக்கு மை தடவலாமா, வேண்டாமா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிக்கும் கிருகஸ்தரைப்போல, வண்டிக்குச் சொந்தக்காரரும் அப்போது ஒரு தர்மசங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்.

இக்காலத்து வாலிபர்களிடம் இதற்கு விடை தயாராக இருக்கிறது. "எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுங்கள்!" என்கிறார்கள். பம்பர், முகப்பிலுள்ள கிரில், விளக்கைச் சுற்றியுள்ள வளையம், பக்கவாட்டில் ஓடும் பட்டை, சக்கர மூடி ஆகிய எல்லாவற்றையும் பளபளப்பில்லாத கறுப்பில் முக்கி எடுத்துவிட்டால், கிழவண்டி குமரவண்டியாகிவிடும் என்பது அவர்களுடைய கட்சி. புதிதாக வரும் வண்டிகளில் பல அப்படித்தான் கறுப்பு அணிந்து வருகின்றன. ஆகையால் அந்த ஆசையைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பழைய வண்டிக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். அதை நிதானமாக யோசிப்பது நல்லது. ஏனென்றால் பூசுவதற்கு ஒரு நாள் போதும். பூசியதை எடுப்பதற்குப் பல நாள் ஆகும். சில சமயம் எடுக்கவே முடியாது.

வெள்ளிமலையும் வண்டியின் வெள்ளியும்

எங்கள் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி தனி மாவட்டமாகத் தொடங்கியது. கரும்பு விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலுமாகக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இரண்டு இருக்கின்றன. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகளும் டிராக்டர்களும் எழுப்பும் புழுதி, சாலையில் போகும் எந்த வண்டியையும் சும்மா விடாது. அந்தப் புழுதியை உலர்ந்த துணியால் தினம் துடைத்தால், துணியே உப்புத்தாளாக மாறி முலாமைக் கீறுகிறது.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப்பக்கம் போனால் கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதை வெள்ளிமலை என்னும் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பெயரில்தான் வெள்ளி இருக்கிறதே தவிர, வண்டியின் வெள்ளிக்கு அந்த மலை சிநேகிதன் அல்ல. மழைக்காலத்து மூடுபனியும் தூறலும் பம்பரின் பின்பக்கத்திலும், பட்டைகளின் அடியிலும், திருகாணிகளின் துவாரத்திலும் ஈரத்தைத் தங்கவைத்துவிடுகின்றன. முன்பக்கத்தை மெருகேற்றி வைத்திருப்பவர்கள்கூடப் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை. துருவோ திருடனைப்போலக் கொல்லைப்புறமாகத்தான் வருகிறது. கடற்கரை ஊர்களிலுள்ள உப்புக்காற்று இங்கே கிடையாதென்பது ஒன்றே ஆறுதல். அதனால்தான் இந்தப் பக்கத்தில் நாற்பது ஐம்பது வயதான வண்டிகள் இன்னும் முகவிலாசம் கெடாமல் நடமாடுகின்றன.

அவற்றில் ஒன்று என் நண்பர் ஒருவருடையது. அவர் கரும்பு விவசாயி. அவருடைய தகப்பனார் 1978-ல் வாங்கிய அம்பாஸடர் வண்டி அது, பாலேட்டின் நிறம். மலையடிவாரத்தில் இரவு நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிதான் போகும். இருட்டில் தூரத்திலிருந்தே அதன் முகப்பு மின்னுவதைக் கண்டு, "பெரியவர் வண்டி வருகிறது" என்று ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்வார்களாம். பெரியவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. வண்டி இருக்கிறது, முகப்பில் மின்னல்தான் குறைந்துவிட்டது.

சேலத்தில் பொறியியல் படிக்கும் பேரப்பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது கறுப்பு யோசனையைக் கொண்டுவந்தான். பாட்டியம்மாள் பதறிப்போனாள்.

"வேண்டாமடா கண்ணு! மூக்குத்தியைக் கழற்றின முகம் மாதிரி மூளியாய்ப் போய்விடும்" என்றாள்.

"துருப்பிடித்த மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா, பாட்டி?" என்று கேட்டான் பையன்.

நண்பர் என்னைப் பார்த்து, "சார், பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வழக்குத் தீர்க்கிறீர்கள். இதையும் தீர்த்து வையுங்கள்" என்றார். யோசித்துப் பார்த்தால் இருவர் வாதத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கறுப்பின் பூர்வோத்தரம்

மோட்டாருக்கு இந்த வெள்ளிப் பளபளப்பு பிறவியிலேயே வந்ததன்று. ஆதிகாலத்து வண்டிகளில் விளக்கும் முகப்பும் பித்தளையாலானவை. நம் வீட்டுக் குத்துவிளக்கைப்போல ஓயாமல் துலக்கிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு நிக்கல் முலாம் வந்தது. அதுவும் நாளடைவில் மங்கியது. 1920-களின் நடுவில்தான் மங்காத குரோமிய முலாம் மோட்டார்களில் ஏறத் தொடங்கிற்று. அதற்குப்பின் ஒவ்வொரு கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு வண்டிக்கு நகை பூட்டியது.

முதன்முதலில் அந்த நகையைக் கழற்றச் சொன்னது நாகரிகமன்று, யுத்தம். 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாவது உலகப் போரில் இறங்கியது. குரோமியமும் நிக்கலும் ஆயுதங்களுக்கு வேண்டியிருந்தன. ஆகவே 1942 ஜனவரி முதல், பம்பரைத் தவிர மற்ற இடங்களில் பளபளக்கும் முலாம் கூடாதென்று அந்நாட்டுச் சர்க்கார் கட்டளையிட்டது. கம்பெனிகள் முலாம் பூசவேண்டிய பட்டைகளுக்கெல்லாம் வர்ணம் பூசி அனுப்பின. அடுத்த மாதம் சொந்த உபயோகத்துக்கான வண்டி செய்வதே நின்றுபோயிற்று. அதே யுத்தத்தில் பிரிட்டனில் விளக்கணைப்பு அமலில் இருந்தபோது, இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாமலிருக்கப் பம்பருக்கும் மட்கார்டு ஓரத்துக்கும் வெள்ளை அடித்தார்கள். அன்றைக்கு வர்ணம் பூசியதற்குக் காரணம் சிக்கனமும் பத்திரமும். இன்றைக்குக் காரணம் அலங்காரம். செய்கை ஒன்றே, நோக்கந்தான் வேறு.

அந்த 1942-ஆம் வருஷத்தில்தான் நமது தேசத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. வங்காளத்து உத்தர்பாராவில் அது செய்த அம்பாஸடர் 1950-களின் கடைசியில் வெளிவந்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி பியட் வண்டியைச் செய்தது. அதுவே பின்னர் பத்மினி என்ற பெயர் பெற்றது. சென்னையிலே 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. சுதேசி மோட்டார் என்று பெருமையோடு வாங்கிய இந்த மூன்றும் இன்று உற்பத்தியில் இல்லை. அம்பாஸடர் கடைசியாக 2014 மே மாதத்தில் நின்றது.

அம்பாஸடரின் மேனி அநேகமாய் மாறவில்லை. அதன் முகந்தான் மாறிக்கொண்டிருந்தது. 1963-ல் வந்த இரண்டாம் மார்க்கு, 1975-ல் வந்த மூன்றாம் மார்க்கு, 1979-ல் வந்த நான்காம் மார்க்கு ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய விரும்புவோர் முதலில் பார்ப்பது முகப்பைத்தான். அதாவது கிரிலும் அதைச் சுற்றிய அலங்காரமுமே அந்த வண்டியின் ஜாதகம். அதன்மீது கறுப்பைப் பூசுவது ஜாதகத்தின்மீது மையைக் கொட்டுவதற்குச் சமானம். பாட்டியம்மாளின் பக்கத்து நியாயம் இதுதான். ஆனால் ஜாதகத்தைச் செல்லரிக்க விடுவதும் புத்திசாலித்தனமன்று என்று பேரன் சொல்லலாம். அதுவும் நியாயமே.

முதலில் பரீட்சை, பிறகு வர்ணம்

ஆகவே கண்ணுக்கு எது அழகு என்று கேட்பதற்கு முன், உலோகத்துக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பதைப்போல் வண்டிக்கும் நாடி பார்க்கலாம். அதற்கு வீட்டிலுள்ள ஒரு சிறு காந்தம் போதும். காந்தம் கெட்டியாய் ஒட்டினால் அநேகமாக அடியில் இருப்பது இரும்பு, அது துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ, துத்தநாக வார்ப்பாகவோ, துருவேறா எஃகாகவோ இருக்கலாம். அதில் செந்துரு வராது. துத்தநாக வார்ப்பில் மட்டும் வேறு வியாதி உண்டு. முலாமின் அடியில் சிறு கொப்புளங்கள் கிளம்பிக் குழி விழும்.

முலாம் என்றால் ஏதோ தடித்த தகடு என்று எண்ணக்கூடாது. வழக்கமான முறையில் இரும்பின்மேல் செம்பும், அதன்மேல் நிக்கலும், எல்லாவற்றுக்கும் மேல் குரோமியமும் ஏற்றுகிறார்கள். கடைசிப் படலமான குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பெரும்பாலும் அதிலும் பாதிக்குக் குறைவு. இரும்பைக் காப்பாற்றும் பாரத்தை உண்மையில் சுமப்பது அடியிலுள்ள நிக்கல்தான். ஆகையால் பளபளப்பு குறைந்து லேசான மஞ்சள் சாயல் தெரிந்தால், குரோமியம் தேய்ந்திருக்கிறது, நிக்கல் இன்னும் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல மெருகு மெழுகைத் தடவிப் பாதுகாத்தாலே பல வருஷம் தாங்கும்.

மேலே மட்டும் படிந்திருக்கும் துருவுக்கு எளிய சிகிச்சை உண்டு. பலகாரம் சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் துருப்பொடி கழன்று வரும். பிறகு ஈரமில்லாமல் துடைத்து மெழுகு தடவ வேண்டும். புளி, எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் இரும்பு நார் ஆகியவற்றைச் சமையலறையிலேயே விட்டுவிடுவது உத்தமம். பித்தளைச் சொம்புக்கு அவை மருந்து, முலாமுக்குப் பகை.

தேய்த்தபின்னும் குழிகள் ஆழமாக இருந்து, விரல் நகம் தட்டுப்பட்டு, மறுமழையில் மீண்டும் துரு கசிந்தால், அங்கே மெருகினால் பயனில்லை. அந்த இரும்புக்கு ஏதேனும் ஒரு மேலாடை அவசியம். மறுபடி முலாம் பூசலாம். அல்லது வர்ணம் பூசலாம். பேரனுடைய கட்சி செல்லுபடியாகும் இடம் இதுவே.

முலாமா, வர்ணமா?

மறுமுலாம் என்பது ஈயம் பூசுவதைப்போல ஒரு பிற்பகலில் முடியும் காரியமன்று. பழைய முலாமை உரித்து, இரும்பை அரைத்துச் சமப்படுத்தி, குழிகளை நிரப்பி, ஒவ்வொரு உலோகமாக மறுபடி ஏற்ற வேண்டும். அரைக்கும்போது அசலான தகடு மெலிகிறது. எழுத்துக்களின் கூர்மை மழுங்குகிறது. செலவும் அதிகம். வேறொரு சங்கதியும் உண்டு. பழைய முறைக் குரோமிய முலாம் போடும் தொட்டியில் இருக்கும் திரவம் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய கொடிய விஷம். தோல் பதனிடும் ரசாயனம் செய்த ராணிப்பேட்டைத் தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு அவ்வூர் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பதைத் தமிழ்நாடு அறியும். முலாம் போடுகிறவர் கழிவுநீரை என்ன செய்கிறார் என்று கேட்பது, பணம் கொடுக்கிறவர்களின் கடமையாகும்.

வர்ணம் மலிவு; ஆனால் அவசரப்பட்டால் அதுவே அதிக விலை. குரோமியத்தின் மேற்பரப்பு கண்ணாடி போன்றது. அதன்மேல் அப்படியே பீச்சியடித்த வர்ணம், தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமலே இருந்து, மூன்றாம் மாதத்தில் பொருக்குப் பொருக்காய் உரியும். முதலில் மெழுகும் எண்ணெயும் போகக் கழுவ வேண்டும். பின்னர் வாட்டர் பேப்பர் போட்டுப் பளபளப்பு முழுவதும் சாகும்படி தேய்க்க வேண்டும். துருவை வேரோடு எடுத்து, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பிரைமரை அடித்து, அது காய்ந்தபின்பே வர்ணத்தைத் தொடலாம். கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில், மலிவான கறுப்பு ஒன்றிரண்டு கோடையிலேயே சாம்பல் பூத்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெயின்டர் ஒருவர் சொன்னது என் மனத்தில் பதிந்தது. "சார், கறுப்பு அடிக்கிறது எனக்கு அரைநாள் வேலை. அதுக்கு முன்னாடி தேய்க்கிறதுதான் மூணு நாள். எல்லோரும் அந்த மூணு நாளுக்குத்தான் கூலியைக் குறைக்கச் சொல்றாங்க" என்றார். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் தற்காலத்து வர்ணங்களில் ஐஸோஸயனேட் என்னும் பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் அதைத் தடுக்க முடியாது. அதற்குரிய முகமூடி வேண்டும். நம் வண்டி கறுப்பாவதற்காக இன்னொருவருடைய சுவாசகோசம் கெடலாமா? அவருக்கு அந்த முகமூடி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வேலையை ஒப்படைப்பதே தர்மம்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் போன்ற வர்ணமும், ஒட்டி எடுக்கும் வினைல் தாளும் இப்போது கிடைக்கின்றன. துரு இல்லாத, நல்ல முலாமுள்ள பாகத்தைக் கறுப்பாகப் பார்க்க ஆசைப்படுவோர் இவற்றால் ஓராண்டு பார்த்துவிட்டுப் பின்பு உரித்துவிடலாம். ஆனால் துருவை மூடிவைக்க இவற்றைக் கையாளக்கூடாது. போர்வைக்குள்ளே நோய் வளரும்.

மரமும் உலோகமும்

கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பம் பிரசித்தமானது. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்ப வேலைப்பாடுள்ள பழைய கதவுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் எனாமல் பெயின்டு அடித்துக்கொண்டே வந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாலைந்து பூச்சுக்குப் பிறகு யாளியின் பல் தெரியாது. கொடியின் இலை நரம்பு தெரியாது. கடைசியில் ஏதோ மேடு பள்ளந்தான் தெரியும். கிரிலின் நுண்ணிய கட்டங்களுக்கும், பெயர் பொறித்த எழுத்துக்களுக்கும் நேர்வது இதே கதிதான். வர்ணம் நிறத்தை மட்டும் மாற்றுவதில்லை. உருவத்தையும் மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். வண்டியின் மேனி நிறம் பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். பம்பருக்கும் பட்டைக்கும் மட்டும் வர்ணம் பூசுவதால் மேனி நிறம் மாறிவிடுவதில்லை. ஆனால் விளக்குக் கண்ணாடியின்மேலும் எண் பலகையின்மேலும் கறுப்பைத் தீற்றுவது கூடவே கூடாது. கல்வராயன் மலைப் பனியில் அது உயிருக்கே ஆபத்து. ஐம்பது வயது கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் இன்றி அசல் உருவத்தில் இருக்கும் வண்டிகளுக்கு, 2021-ல் வந்த மத்திய சர்க்கார் விதிகளின்படி, வி.ஏ. என்ற எழுத்துக்கள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். அவ்விதம் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. பட்டைக்கு வர்ணம் பூசியதாலேயே இத்தகுதி போய்விடும் என்று விதி சொல்லவில்லை. எனினும் அசல் உருவத்துக்கு ஒரு மதிப்பு உண்டென்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது அல்லவா?

தீர்ப்பு

நண்பர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பரீட்சை நடந்தது. பேரன் காந்தம் பிடித்தான். பாட்டியம்மாள் திண்ணையிலிருந்து மேற்பார்வை பார்த்தாள். கிரிலும் விளக்கு வளையங்களும் மங்கியிருந்தனவேயன்றிக் கெட்டுப்போகவில்லை. அவற்றைத் துலக்கி மெழுகு தடவி அப்படியே விடுவதென்று தீர்மானமாயிற்று. கம்பெனியே நின்றுபோன பிறகு, அவை கெட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் கடை கடையாய்த் தேடி, பிறர் கழித்ததைத்தான் வாங்க வேண்டும். பின் பம்பர் உட்புறமிருந்து அரித்துவிட்டது. அதைத் தேய்த்து, பிரைமர் அடித்து, சாம்பல் கலந்த வெள்ளி நிறம் பூசுவதென்று முடிவாயிற்று. கம்பெனியிலிருந்து வரும்போதே வர்ணம் பூசப்பட்டு வருபவை இரும்புச் சக்கரங்கள். அவற்றுக்குப் புது வர்ணம் பூசுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகையால் சக்கரங்கள் பேரனுக்காகக் கறுப்பாயின. கழற்றிய சக்கர மூடிகளைப் பாட்டியம்மாள் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

"எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடலாம், பாட்டி" என்றான் பேரன்.

இந்த ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் உள்ளேயே முழு சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பழைய வண்டிக்கு எதைச் செய்வதானாலும் முன்னதாக மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். உலோகத்துக்கு உண்மையாகவே மேலாடை தேவையா? பூசினால் நாளைக்குத் திரும்பி வர வழி உண்டா? நமக்காகச் செய்கிறோமா, அல்லது தெருவில் போகிறவர்களின் அனுதாபத்துக்குப் பயந்து செய்கிறோமா? துரு தின்னும் இரும்புக்கு வர்ணம் பூசுவது ரக்ஷணை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல நிலையில் இருக்கும் முலாமைக் கறுப்பாக்குவது வெறும் ஆசை. அதைத் தாராளமாய்த் தள்ளிப்போடலாம். ஆசை ஓராண்டு காத்திருந்தால் குறைந்துபோவதில்லை. உண்மையான ஆசையானால் அப்போதும் இருக்கும். துருவோ ஒரு மழைக்காலங்கூடக் காத்திராது.

நாம் வைத்திருக்கும் பழைய பொருள்களில் பெரும்பாலானவை நமக்கு முன்னிருந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. நமக்குப் பின்வருகிறவர்களிடம் போய்ச் சேர வேண்டியவை. இடையில் அவற்றை அனுபவிக்க நமக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் அடுத்தவர் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி செய்துவிட மட்டும் உரிமை இல்லை.